சென்னைக்கு மிக அருகில் விண்வெளி

“காலி சிலிண்டரை எடுத்து வைங்கக்கா!” கீழ்ப் படிக்கட்டிலிருந்தே குரல் வந்துவிடும். எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது, நாங்கள் மூன்றாவது மாடி. கேஸ் போடும் தம்பி புதுச் சிலிண்டரைத் தொம்மென்று இறக்கி, வாஷரைச் சரிபார்த்துவிட்டு, பழையதைத் தூக்குமுன் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்று சத்தம் வந்தால் காலி.

“தம்பி, உண்மையில இது காலி இல்ல” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப திருப்பி மாட்டி உட்டுட்டுப் போகவாக்கா?” என்றார்.

மாட்டினாலும் எரியாது, அது வேறு விஷயம். ஆனால் 14.2 கிலோ தீர்ந்து அடுப்பு அணைந்த பிறகும் அந்த 33 லிட்டர் இரும்புக் கூட்டுக்குள் மூலைமுடுக்கு விடாமல் கேஸ் நிறைந்துதான் இருக்கிறது. உள்ளேயிருந்து கேஸ் தள்ளுகிற அழுத்தமும் வெளியேயிருந்து காற்று தள்ளுகிற அழுத்தமும் சமமாகிவிட்டதால் எதுவும் வெளியே வரவில்லை. அந்தச் சமநிலைக்கு நாம் வைத்த பெயர்தான் காலி. இதே சிலிண்டரை ராக்கெட்டில் ஏற்றி மேலே கொண்டுபோய்த் திறந்தால் மறுபடியும் உஸ்ஸென்று சீறும். சிலிண்டர் அதேதான், சுற்றியிருப்பது மாறிவிட்டது.

விண்வெளி காலி என்று சொல்லும்போதும் இதே பிசகுதான் நடக்கிறது. எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் காலி என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் ‘வெளி’ என்றால் திறந்து கிடக்கும் இடம். அதில் ஒன்றுமே இல்லை என்று அந்தச் சொல் சாதிக்கவில்லை. ‘வெற்றிடம்’ என்பதுதான் துணிச்சலான சொல். அப்படி ஓர் இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று மொட்டைமாடியிலிருந்து தேடிக்கொண்டு போவோம்.

அதற்கு முன் காற்றுக்கு எடை உண்டு என்பதை நம்ப வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது. ஐப்பசி பிறந்தால் டிவியில் தினமும் ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா இல்லையா என்பதைத் தாண்டி அந்தச் சொல்லை யாரும் யோசித்ததில்லை, அவ்வளவுதான். அழுத்தம் தாழ்ந்தது என்றால், தாழாத நாளில் எது எதை அழுத்திக்கொண்டிருந்தது?

மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் என்பது சரியாக ஒரு கன மீட்டர். கோடையில் அது காலியாகிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. பத்துக்குப் பத்து அறை ஒன்றில், கூரையும் பத்தடி உயரம் என்றால், சுமார் 33 கிலோ காற்று இருக்கிறது. இரண்டு சிலிண்டர் கேஸைவிட அதிகம்.

இது வெறும் அறைக் கணக்கு. தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதையும் சேர்த்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் மொட்டைமாடியின் மேலும் சுமார் 10 டன் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு லாரித் தண்ணீர். தளம் இடியாததற்கும் நாம் நசுங்காததற்கும் காரணம் ஒன்றே: காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உள்ளிருந்தும் அழுத்துகிறது. இந்த அழுத்தம் 2, 3 சதவீதம் ஓரிடத்தில் குறைந்தாலே போதும், புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது நகரமெங்கும் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த 2, 3 சதவீதம் என்னவென்று தெரியும்.

தண்ணீர் லாரி உவமையைச் சும்மா சொல்லவில்லை. ஒரு சதுர மீட்டரின் மேல் 10 டன் தண்ணீரை நிறுத்தினால் அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் நிற்கும். அதாவது மொத்த வளிமண்டலத்தின் எடையும் 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடையும் ஒன்று. இதில் பழைய அடிபம்பின் ரகசியம் இருக்கிறது. அடிபம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். அது இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி வழிவிடுகிறது. கிணற்றின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றால் ஏற்ற முடிவது அதிகபட்சம் 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். நிலத்தடி நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் எத்தனை பேர் தொங்கினாலும் பம்பு காற்றுதான் வாங்கும். சப்மெர்சிபிள் மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்குவது இதனால்தான். அது கீழேயிருந்து தள்ளுகிறது. இத்தாலியில் டோரிசெல்லி 1643இல் தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தை வைத்து இதே கணக்கைப் போட்டார், காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி பிறந்தது. நாம் ஒரு காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். மெரினாவில் இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போதும் அந்தக் கடல்தான் நமக்கு ஊட்டிவிடுகிறது.

சரி, இந்தக் கடலின் மேற்பரப்பு எங்கே?

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையை அப்படியே நிமிர்த்தி வானத்தில் சாய்த்து வைத்துவிடுவோம். மதுரை போகும் வைகை எக்ஸ்பிரஸ் இப்போது நேர் மேலே ஏறுகிறது. கிலோமீட்டர்க் கணக்கு தோராயமானது, ரயில்வேக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் தாண்டிக் கோடம்பாக்கம் வருவதற்குள் ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் ஆகிவிடும். அவ்வளவுதான், மொத்த வளிமண்டலத்தில் பாதி நமக்குக் கீழே போய்விட்டது. காற்றைக் காற்றே அழுத்துவதால் அடித்தட்டில் நெருக்கம், மேலே போகப் போக இளக்கம். மெத்தைக் கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பஞ்சு மெத்தைகளில் அடியில் இருப்பதுதான் அதிகம் அமுங்கியிருக்கும், அதே கதை. ஊட்டி பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் மேட்டுப்பாளையத்துக் காற்று, வெளியே ஊட்டிக் காற்று. காலி சிலிண்டர் மேலே போனால் சீறும் என்றேனே, அதன் சின்ன ஒத்திகை இது.

சைதாப்பேட்டை, கிண்டிக்குள் எவரெஸ்ட் உயரம் வந்துவிடுகிறது, பயணிகள் விமானங்களின் உயரமும் வந்துவிடுகிறது. மீனம்பாக்கத்தில், அதாவது 16 கிலோமீட்டர் வாக்கில், பத்தில் ஒன்பது பங்கு காற்று கீழே. வெளியே எட்டிப் பார்த்தால் சுமார் மைனஸ் 80 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் சென்னையின் தலைக்கு மேலே, துருவப் பகுதிகளில் மேகங்கள் ஏறும் அடுக்கின் மேல் எல்லையில் இருப்பதைவிடக் குளிரான காற்று நிற்கிறது! வெப்ப நாடுகளில் சூடான காற்று கூடுதல் உயரத்துக்கு ஏறுகிறது, ஏறும்போது விரிந்து விரிந்து ஆறிப்போகிறது. நம் மழை மேகங்களின் ஆட்டமெல்லாம் இந்த எல்லைக்குள்தான். பல்லாவரத்தில், 19 கிலோமீட்டரில், அழுத்தம் மிகக் குறைந்து உடம்பின் வெப்பமே தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கவச உடை இல்லாதவரின் எச்சில் நாக்கிலேயே கொதிக்கும். தாம்பரம் ஓசோன் பேட்டை. தரையில் இருக்கும் நிஜ மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை காலையும் மாலையும் 5.30 மணி அளவீட்டுக்காக ஒரு பலூனைப் பறக்கவிடுகிறது. அது ஏற ஏற ஊதிப் பெருத்து, ஏறக்குறைய வண்டலூர் உயரத்தில், 30 கிலோமீட்டர் வாக்கில், வெடித்துவிடும். அங்கே மிச்சமிருப்பது நூற்றில் ஒரு பங்கு காற்று.

அடிவளி, மீள்வளி, இடைவளி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அடுக்குகளை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் அடுக்குகள் மாறுகின்றன என்று வைத்துக்கொண்டால் போதும். மதுராந்தகத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் நடுவில்தான் எரிகற்கள் பற்றிக்கொள்கின்றன. மூச்சுவிடக் காற்றில்லாத உயரம், ஆனால் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் மணல் பருமன் கல்லை எரித்துச் சாம்பலாக்கப் போதுமான காற்று.

மேல்மருவத்தூர் தாண்டியதும் 100 கிலோமீட்டர். இங்கேதான் விண்வெளி தொடங்குகிறது என்று உலக விமானப் போட்டிகளின் சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பு கோடு கிழித்திருக்கிறது. கார்மன் கோடு என்று பெயர். அமெரிக்காவில் 80 கிலோமீட்டர் தாண்டினாலே விண்வெளி வீரர் பட்டம் கொடுத்துவிடுவார்கள். சென்னையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா உள்ள தூரம்தான் அது.

எது சரி? சென்னை எங்கே முடிகிறது என்று கேளுங்கள், பதில் கிடைக்கும். மாநகராட்சி எல்லை ஒரு பதில், புறநகர் ரயில் இன்னொரு பதில். ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று திண்டிவனத்தில் மனை விற்பவரைக் கேட்டால் மூன்றாவது பதில். ஜி.எஸ்.டி. சாலையில் நகரம் ஓரிடத்தில் சட்டென்று முடிந்து வயல் தொடங்குவதில்லை. கட்டடங்கள் இளைத்து, காலி மனைகள் பெருத்து, எப்போது ஊர் முடிந்தது என்று தெரியாமலே கிராமத்துக்குள் இருப்போம். காற்றும் அப்படித்தான் முடிகிறது, அல்லது முடியாமல் இருக்கிறது. கோடு போட்டவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: அந்த உயரத்துக்கு மேல் இறக்கையை வைத்துக்கொண்டு பறப்பது வீண், காற்று தாங்காது. மனை விலைக்கு இருக்கும் நியாயத்தைவிட இது கொஞ்சம் மேல். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூக்கில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசத்தைக் கழற்றி எறிவதும் 100 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான். அதுவரை காற்று உரசி அடிக்கும்.

அந்தக் கோட்டில் என்னதான் மிச்சம்? ஒரு லூடோ பகடையை, அதாவது ஒரு கன சென்டிமீட்டரை, அளவாக வைத்துக்கொள்வோம். நம் அறையில் அந்த இடத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெரு மாதிரி, ஒரு மூலக்கூறு அடுத்ததை இடிக்காமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நகர முடியாது. கார்மன் கோட்டில் அதே பகடைக்குள் சுமார் 10 லட்சம் கோடி. தரையில் இருப்பதில் 20 லட்சத்தில் ஒரு பங்கு. குறைவுதான், ஆனால் 10 லட்சம் கோடியைக் காலி என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டார்.

வண்டி விழுப்புரத்தைத் தாண்டி, திருச்சியையும் மணப்பாறையையும் தாண்டி, திண்டுக்கல் வருவதற்கு முன் 400 கிலோமீட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரம். அங்கே பகடைக்குள் ஏறக்குறைய 10 கோடி அணுக்கள். ஒன்று இன்னொன்றை இடிக்கச் சராசரியாக 16 கிலோமீட்டர் ஓட வேண்டும், எழும்பூரில் கிளம்பினால் மீனம்பாக்கத்தில்தான் அடுத்த ஆள். ஆய்வுக்கூடங்களில் பம்பு வைத்து உறிஞ்சி உறிஞ்சி ஒரு பகடைக்குள் சில பத்தாயிரம் மூலக்கூறுகள் வரை குறைத்துவிடுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் விண்வெளி நிலையம் மிதப்பது கூட்டத்துக்கு நடுவில்தான்.

அந்த உயரத்து வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தொடலாம் என்று படித்தால் குழப்பமாக இருக்கும், விண்வெளி வீரர் ஏன் கருகவில்லை என்று. கம்பி மத்தாப்பின் பொறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொறியும் ஆயிரம் டிகிரிக்கு மேல். கையில் தெறித்தால் சுரீரென்று ஒரு நொடி, அவ்வளவே. பொறி கொதிக்கிறது, ஆனால் அது துளியூண்டு. அதனிடம் கொடுப்பதற்கு வெப்பம் இல்லை. மேலே இருக்கும் அணுக்கள் வேகமாக ஓடுகின்றன, அதுதான் வெப்பநிலை. எண்ணிக்கையில் சொற்பம் என்பதால் யாரையும் சூடாக்க வக்கில்லை.

சூடாக்க வக்கில்லாத இந்தக் காற்றுக்கு இடறிவிட மட்டும் தெரியும். விண்வெளி நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்த உரசலில் மாதத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சறுக்கிக் கீழே வருகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே ஏற்றிவிடாவிட்டால் ஒருநாள் மேல்மருவத்தூருக்கு வந்து எரிந்துபோகும்.

என் அம்மா இந்த விஷயத்தை 1979இல் கற்றுக்கொண்டாள். அமெரிக்காவின் விண்வெளி ஆய்வகமான ஸ்கைலேப் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவின் மேலேயும் விழலாம். ‘சாகத்தான் போறோம், ஆசைப்பட்டதச் சாப்பிட்டுச் சாவோம்’ என்று பக்கத்து வீட்டில் முட்டைக்காக வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தார்களாம். அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. மறுநாளிலிருந்து முட்டைக்கு அவர்கள் கடைக்குப் போனார்கள். சுமார் 77 டன் எடையுள்ள அந்த ஆய்வகத்தைக் கீழே இழுத்தது நாம் காலி என்று நினைக்கும் அந்த மெல்லிய காற்றுதான். சூரியனின் கொந்தளிப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாகி, அந்தச் சூட்டில் மேல் வளிமண்டலம் பொங்கிவிட்டது. பால் பொங்கி விளிம்பைத் தொடுவது போலக் கீழே இருந்த அடர்த்தி மேலே ஏறி ஸ்கைலேப்பின் பாதையை மறித்தது. பல ஆண்டுகள் தாங்கும் என்று போட்ட கணக்கு தப்பியது. பாடம் முழுதாக ஏறவில்லை போலிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே ராக்கெட்டில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை இதே மாதிரி ஒரு சூரியப் புயலில் காற்று பொங்கி விழுந்துபோயின.

இதற்கு மேலே அணுக்கள் ஒன்றையொன்று இடிப்பதே அபூர்வம். கல்லெறிந்தது போல மேலே போய்க் கீழே விழுகின்றன. லேசான ஹைட்ரஜனும் ஹீலியமும் சில சமயம் திரும்பி வருவதே இல்லை. மெரினாவில் குழந்தையின் கையிலிருந்து நழுவும் கேஸ் பலூனில் ஹீலியம் இருந்தால், அந்த ஹீலியம் என்றோ ஒருநாள் பூமியைவிட்டே போய்விடும். நொடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் இப்படிக் கசிந்துகொண்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், இருப்பு நிறைய. ஹீலியத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து பார்த்தார்கள். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவர் போக்சன். சூரியனின் ஒளியில் தெரிந்த மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் கையெழுத்து. பூமியில் அது கிடைத்தது 1895இல்.

தப்பியும் தப்பாமலும் மிதக்கும் அந்த ஹைட்ரஜன் பூமியைச் சுற்றி ஒரு மேகமாக நிற்கிறது. அது எதுவரை போகிறது என்பதற்கு 2019இல் ஒரு விடை வந்தது. சோஹோ என்ற விண்கலம் 1990களில் எடுத்துவைத்த பழைய பதிவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, அந்த மேகம் 6 லட்சத்து 30 ஆயிரம் கிலோமீட்டர் வரை நீள்வது தெரிந்தது. நிலா இருப்பது சராசரியாக 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில்.

இதை முதலில் படித்தபோது நான் மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அது நம் காற்றுக்குள் இருக்கிறது! அங்கே ஐந்து பகடை இடத்துக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்ற அளவில் இருந்தாலும், அது பூமியின் அணு. 1972இல் அப்போலோ 16 வீரர்கள் நிலாவில் நின்றுகொண்டு பூமியின் இந்த ஹைட்ரஜன் ஒளிவட்டத்தைப் படம் எடுத்தார்கள். வெளியே நின்று எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே நின்று எடுத்த படம். ‘மிக அருகில்’ விளம்பரக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதவரை நல்லது.

நம் காற்று ஓய்கிற இடத்திலாவது வெற்றிடம் தொடங்குமா என்றால், அங்கே சூரியனின் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையில் சென்னைக்காரர் ஒருவர் வருகிறார். வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்வதைக் கண்டு, சூரியனிலிருந்து எதுவோ வீசுகிறது என்ற சந்தேகம் முன்பே இருந்தது. 1958இல் யூஜின் பார்க்கர் என்ற இளைஞர், சூரியனின் வெளி மண்டலம் சும்மா நிற்க முடியாது, ஒலியைவிட வேகமாக வெளியே பாய்ந்தே தீரும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை அனுப்பினார். அதைப் பரிசீலித்த இரண்டு நிபுணர்களும் நிராகரித்தார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அவருக்கும் இந்தக் கருத்தில் பிடிப்பில்லை. ஆனால் நிபுணர்கள் யாரும் கணக்கில் தவறு காட்டவில்லை என்பதைக் கவனித்து, கட்டுரையை வெளியிட்டார். தனக்குப் பிடிக்காததைத் தப்பில்லை என்பதற்காக அச்சேற்றும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நாலு வருடத்தில், 1962இல், வெள்ளியை நோக்கிப் போன மாரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை நேரிலேயே அளந்துவிட்டது.

பூமிக்குப் பக்கத்தில் அந்தக் காற்று பகடைக்கு ஐந்தாறு துகள்கள்தான், ஆனால் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1, இப்போது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று மற்ற வேலைகளோடு இந்தத் துகள்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதை ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். ‘ஒன்றுமில்லாத’ இடத்தில் வீசும் காற்றை எண்ண ஒரு விண்கலம்!

சூரியக் காற்று போய் ஓயும் எல்லையை வாயேஜர் 1 விண்கலம் கடந்தது 2012 ஆகஸ்டில். கிளம்பி 35 வருடம் ஆகியிருந்தது. அங்கே நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சூரியனின் வீட்டைத் தாண்டி நட்சத்திரங்களுக்கு நடுவிலான வெளியில் கால் வைத்தபோது, துகள்களின் அடர்த்தி குறையவில்லை, பல மடங்கு கூடியது. தெருக்கோடி வீட்டைத் தாண்டினால் பொட்டல் என்று நினைத்து இறங்கினால், அங்கே வேறொரு தெருவின் சந்தடி. நம் பால்வீதியில் நட்சத்திரங்களுக்கு நடுவே சராசரியாகப் பகடைக்கு ஓர் அணு. செத்துப்போன நட்சத்திரங்கள் ஊதிவிட்டவை அவற்றில் உண்டு.

இன்னும் வெளியே, பால்வீதியைப் போன்ற மண்டலங்களுக்கு நடுவிலான பேரிருளில், பகடை அளவு உதவாது. மாடி டேங்கைத்தான் கொண்டுபோக வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஓர் அணு, பல இடங்களில் அதுவும் இல்லை. சரி, அந்த ஓர் அணுவையும் பிடித்து வெளியே போட்டு மூடியை இறுக்கிவிடுவோம். இப்போது டேங்க் காலியா?

அதற்குள் ஏறக்குறைய 41 கோடி ஒளித் துகள்கள் இருக்கும். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் வருடம் ஆனபோது கிளம்பிய வெளிச்சம், விரிந்து விரிந்து ஆறி, இன்று கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாக எல்லா இடத்திலும் நிறைந்திருக்கிறது. 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு வானொலி வானியலாளர்கள் ஆன்டெனாவில் விடாமல் வந்த இரைச்சலுக்குக் காரணம் தேடி, உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தையெல்லாம் கழுவிப் பார்த்தும் போகாமல், கடைசியில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒளியையும் எப்படியாவது தடுத்துவிட்டால்? குவாண்டம் இயற்பியல் அப்போதும் விடாது. ஒன்றுமில்லாத இடத்தில் மிக நெருக்கமாக நிறுத்திய இரண்டு உலோகத் தகடுகள் தாமாகவே ஒன்றையொன்று நோக்கி நகரும் என்று காசிமிர் என்ற இயற்பியலாளர் 1948இல் சொன்னார். 1997இல் அதைத் துல்லியமாக அளந்தே விட்டார்கள். வெற்றிடமே கொஞ்சம் துடிக்கிறது என்பதற்கு மேல் அதை இங்கே இழுத்தால் இந்தக் கட்டுரை முடியாது.

அந்தப் பழைய வெளிச்சத்தை நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். கேபிள் வருவதற்கு முன்னால், எங்கள் மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயில் ஆன்டெனா நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் தொடங்கும் நேரத்தில் காற்றடித்து அது திரும்பிவிடும். அப்பா மாடியில் குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, “தெரியுதா?” என்று கத்துவார். நான் படிக்கட்டில் நின்று அம்மா சொல்வதை மேலே கடத்துவேன். இலங்கையின் ரூபவாஹினி டிவி கிடைக்குமா என்று அவர் சில நாள் தெற்கே திருப்பியும் பார்ப்பார். திரையில் இரைச்சலோடு கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் கொசுக் கூட்டம் போல ஆடும். அந்தப் புள்ளிகளில் ஒரு சிறு பங்கு, 1,300 கோடி வருடத்துக்கும் மேலாகப் பயணம் செய்து எங்கள் மாடி ஆன்டெனாவில் வந்து இறங்கிய அந்த முதல் வெளிச்சம்.

“தெரியுதா?”

“ஒண்ணுமே வரலையாம்ப்பா!” என்று நானும் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தேன்.